வேட்பாளர் கையில் முத்திரை வேண்டாம்

1947 தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் மூன்று பேர் ஆளுநர் பதவிக்கு உரிமை கொண்டாடினார்கள். தேர்தலில் வென்ற யூஜின் டால்மட்ஜ் பதவியேற்கும் முன்பே இறந்துபோனதால் வந்த வினை. அவர் மகன் ஹெர்மனைச் சட்டமன்றம் தேர்ந்தெடுத்தது. பழைய ஆளுநர் எல்லிஸ் ஆர்னல் நாற்காலியை விட மறுத்தார். துணை ஆளுநராகத் தேர்வாகியிருந்த மெல்வின் தாம்சனோ பதவி தனக்கே என்றார். மாநிலச் செயலர் பென் ஃபோர்ட்சன் அரசு முத்திரையைத் தன் சக்கர நாற்காலி மெத்தைக்கடியில் ஒளித்துவைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றம் தாம்சன் பக்கம் தீர்ப்பளித்தது.

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் இந்தச் செயலர்தான் முத்திரைக்கும் அரசு ஆவணங்களுக்கும் காவலர். நிறுவனப் பதிவும் பெரும்பாலும் அவரிடமே. தேர்தலின் தலைமைப் பொறுப்பும் அவரிடம் இருப்பதில் தவறில்லை. வாக்காளர் பட்டியலும் ஓர் ஆவணம்தானே. ஆனால் பல மாநிலங்களில் அவரே கட்சி வேட்பாளராக நின்று வென்றவர். அடுத்து ஆளுநர் பதவிக்கு ஆசைப்படும்போதுதான் சிக்கல்.

2018இல் ஜார்ஜியாவின் செயலர் பிரையன் கெம்ப் ஆளுநர் வேட்பாளர். பெயரில் ஓர் இணைப்புக்கோடு விட்டுப்போனாலும், ஓர் எழுத்து மாறினாலும் வாக்காளர் பதிவு விண்ணப்பம் நிலுவைக்குப் போனது. அப்படி நின்றவை சுமார் 53,000. பெரும்பாலானோர் கறுப்பினத்தவர். அடையாள அட்டையைக் காட்டி அவர்கள் வாக்களிக்கலாம் என்று கெம்ப் தரப்பு சொன்னது உண்மைதான். ஆனால், விளக்கம் சொன்னவரே போட்டியாளர். செயலர் பதவியிலிருந்து விலகும்படி முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கடிதம் எழுதியும் கெம்ப் விலகவில்லை; வாக்குப்பதிவு முடிந்து இரண்டு நாள் கழித்தே விலகினார். எதிர்த்து நின்ற ஸ்டேசி ஏப்ரம்ஸை அவர் வென்ற வித்தியாசம் சுமார் 55,000. அவர் தில்லுமுல்லு செய்தார் என்று நாம் சொல்லவில்லை. நேர்மையாகவே வென்றிருந்தாலும் தோற்றவர் தரப்பு நம்பாத நிலையை அவரே உண்டாக்கினார்.

அதே ஆண்டு கான்சஸில் செயலர் கிரிஸ் கோபாக், ஆளுநர் வேட்பாளருக்கான உட்கட்சித் தேர்தலில் இருநூறுக்கும் குறைவான வாக்குகளே முன்னிலையில் இருந்தபோது, எதிராளி கேட்ட பிறகு தேர்தல் பொறுப்பிலிருந்து ஒதுங்கினார். பொறுப்பேற்றவர் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்! கெம்ப், கோபாக் இருவரும் குடியரசுக் கட்சியினர். 2022இல் அரிசோனாவில் ஜனநாயகக் கட்சியின் கேட்டி ஹாப்ஸும் செயலராக இருந்துகொண்டேதான் ஆளுநர் தேர்தலில் நின்று வென்றார்.

கட்சிக்காரரான செயலரும் நேர்மையாக நடப்பார், கெம்புக்குப் பின்னர் ஜார்ஜியாவின் செயலரான பிராட் ராஃபென்ஸ்பெர்கரைப் பாருங்கள் என்பார்கள். தான் தோற்ற அதிபர் தேர்தலில் 11,780 வாக்குகளைத் தேடிக் கொடு என்று 2021 ஜனவரி 2 அன்று சொந்தக் கட்சியின் அதிபர் டிரம்ப் தொலைபேசியில் நெருக்கியும் அவர் மசியவில்லை. பாராட்ட வேண்டியவர்தான். ஆனால் அந்தத் தேர்தலில் அவர் வேட்பாளர் அல்ல. தவிர, அடுத்து வருபவரும் அவரைப் போலவே இருப்பார் என்று யார் உத்தரவாதம் தருவது?

செயலரை மக்கள் தேர்ந்தெடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. ஆளுநர் நியமித்தால் அவர் ஆளுநருக்குத்தான் கட்டுப்படுவார். வேறு பதவிக்கு வேட்புமனு கொடுத்த நாளிலேயே தேர்தல் பொறுப்பு, அவருக்குக் கீழ்ப்படாத ஒருவரிடம் போக வேண்டும், அவ்வளவே. ராஃபென்ஸ்பெர்கர் பணிய மறுத்த சில மாதங்களுக்குள் ஜார்ஜியா சட்டமன்றம் செய்ததோ வேறு: மாநிலத் தேர்தல் வாரியத்தின் தலைவர் இடத்திலிருந்து செயலரை நீக்கியது. வேட்பாளராகும் செயலர் விலக வேண்டும் என்ற ஒரு வரியை அந்தச் சட்டத்தில் எழுதவில்லை. இனியாவது எழுத வேண்டும்.