விருந்தினர்க்கு ஓர் அறை

'விருந்து' என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது முதற்பொருள். தொல்காப்பியர் நூல் வனப்பு எட்டனுள் ஒன்றற்கு இப்பெயரையே சூட்டியுள்ளார். ஆகவே, நம் இல்லம் தேடி வரும் புதியவரே விருந்தினர் ஆவார். வள்ளுவரும் உறவினரைப் பேணுதற்குச் 'சுற்றந்தழால்' எனப் பொருட்பாலில் ஓர் அதிகாரம் வகுத்தார். விருந்தோம்பலையோ இல்லறவியலின்கண் 9ஆம் அதிகாரமாகத் தனியே வைத்தார். பத்துப்பாட்டுள் சரிபாதியாகிய 5 பாட்டுகள் ஆற்றுப்படைகள். வழிச்செல்வோனை உணவும் உறைவிடமும் கிட்டும் இடம் நோக்கி ஆற்றுப்படுத்துதலையே ஓர் இலக்கிய வகையாக வளர்த்த மொழி நம்மொழி.

இத்தகைய மரபுக்குரிய நாம் இன்று கட்டும் வீடுகளில் விருந்தினர்க்கு இடம் உண்டா என்பதே நம் வினா.

முன்னாளில் வீட்டின் முகப்பில் திண்ணை இருந்தது. முன்பின் அறியாத வழிப்போக்கரும் அதில் படுத்துறங்கி, விடிந்ததும் எழுந்து சென்றனர். எல்லாச் சாதியார்க்கும் அத்திண்ணை திறந்திருக்கவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது. அக்குறையைக் களைந்து திண்ணையைக் காத்திருக்க வேண்டிய நாம், குறையை மனத்தில் வைத்துக்கொண்டு திண்ணையை இடித்துவிட்டோம்.

தாம்பரத்தார்க்கு இவ்வினா பிறரினும் நெருக்கமானது. இவ்வூர் வந்தாரால் வளர்ந்த ஊர். 1928இல் இங்கே காசநோய் மருத்துவமனை எழுந்தது. அதனாலேயே சானடோரியம் என்னும் பெயர் இரயில் நிலையத்திற்கும் வாய்த்தது. 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்தொடர் வண்டி ஓடத் தொடங்கியது. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இங்குக் குடிபெயர்ந்தது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது முதல், தென்மாவட்டப் பயணியர் பலர் நள்ளிரவிலும் விடியலிலும் நம் தெருவோரத்தில்தான் வந்து இறங்குகின்றனர். நேர்முகத் தேர்வுக்கு வரும் இளைஞர், நோயாளியுடன் வரும் உறவினர், மகளைக் கல்லூரியில் சேர்க்க வரும் பெற்றோர் எனப் பலதிறத்தார் அவருள் உளர். சென்னை ஒரு வீடாயின், தாம்பரம் அதன் திண்ணை.

'இடமில்லையே' என்பர் சிலர். அடுக்ககத்தில் சதுர அடிக்கு என்ன விலை என்பதை யாமும் அறிவோம். எனினும், விருந்தினர் அறை என வரைபடத்தில் குறித்த அறையே சில திங்களில் பழைய பெட்டிகளும் உடைந்த நாற்காலியும் அடையும் அறையாகிவிடக் காண்கின்றோம். குறை இடத்தில் மட்டுமன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டிலுள்ள விரிப்புகளைக் கணக்கிட்டுரைக்கையில், கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று என்றபின், மூன்றாவதை விருந்தினர்க்கு உரியதாக்கினார்கள். அதற்கும் மேற்பட்டதையே வீண் எனக் கண்டித்தார்கள். எளிமையை வற்புறுத்திய அவ்விடத்தும் விருந்தினரின் பங்கு குறைக்கப்படவில்லை. தனியறை இயலாதார்க்குத் தூய பாயும் தலையணையும் ஒரு திரைச்சீலையும் போதும்.

அறை அமைப்போர் எதனைக் கருத வேண்டும்? நாயகம் அவர்கள் மதீனாவில் முதலில் தங்கியது அபூ அய்யூபுல் அன்சாரி (ரலி) அவர்களின் இல்லத்தில். தம்மைக் காண வருவோர்க்கு எளிதாகும் என அவர்கள் கீழ்த்தளத்தை விரும்பினார்கள். நாயகத்தின் தலைக்கு மேலே நடப்பதா என்று உள்ளம் பதைத்த அபூ அய்யூப், வேண்டி நின்று அவர்களை மேல்தளத்திற்கு மாற்றினார். வந்தவரின் வசதியையும் மதிப்பையும் எண்ணி எண்ணி ஒழுகுதலே விருந்தோம்பல் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

ஆகவே, காட்சிப் பொருள்களால் அறையை நிரப்ப வேண்டா. உள்ளிருந்து தாழிடக் கூடிய கதவு, கைக்கெட்டும் விளக்குப் பொத்தான், மூடிவைத்த குடிநீர், உலர்ந்த துண்டு, கொசுவலை, பையை வைக்க வெற்றிடம், முதியோர் பற்றி எழக் குளியலறையில் ஒரு கைப்பிடி ஆகியன வேண்டும். தொழுவோர்க்கு மேற்கினின்று சற்றே வடக்காகக் கிப்லாத் திசையைக் காட்டும் சிறு குறியும், ஒரு தொழுகை விரிப்பும் இருத்தல் நன்று. பிற சமயத்தார் வந்தால் அவர்தம் வழிபாட்டிற்கும் அதே இடம் உதவட்டும்.

மற்றொன்றும் கூறுவோம். விருந்தோம்பலின் புகழ் தலைவனுக்கும், உழைப்புத் தலைவிக்கும் என்னும் பங்கீடு அறமாகாது. விரிப்பை உதறுதலும் தேநீர் தருதலும் ஆடவர்க்கும் உரிய பணிகளே. விருந்தினர்க்கும் கடமை உண்டு. விருந்து மூன்று நாள், அதற்கு மேல் தருமம் என்று வரையறுத்த நபிமொழி, வீட்டாரை இடர்ப்படுத்துமளவு தங்குதலையும் தடுக்கின்றது.

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராசபுரத்தையும் சூழ்ந்தபோது, மாடிவீட்டார் கீழ்வீட்டாரை ஏற்றுக்கொண்டனர். பள்ளிவாசல்கள் சமயம் வினவாது கதவு திறந்தன. அந்நாளில் எவரும் இடமில்லை என்றிலர். வெள்ளம் வந்தபோது கிடைத்த இடம், வெள்ளம் வடிந்த பின் எங்கே போயிற்று?

வீடு கட்டுவோரும் வாடகைக்கு அமர்வோரும், நமக்கு எத்தனை அறை என எண்ணும்போதே வரவிருப்பவர்க்கும் ஒரு பாய் அளவு இடத்தைச் சேர்த்தெண்ணுவாராக. அப்பாய் விரிந்திருக்கும் வீடே தமிழர் வீடு. இறையருளும் அவ்வீட்டிலேயே நிலைக்கும்.