தீச்சுவரை மனனம் செய்தது போதும்

"தீச்சுவர் என்றால் என்ன?" என்று எங்கள் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். சாதாரண தரத்துக்குப் படித்த வரைவிலக்கணத்தை மூச்சுவிடாமல் ஒப்புவிப்பார்கள். "சரி, இந்தக் கணனியில் அது இயங்குகிறதா, பார்த்துச் சொல்" என்றால் முழிப்பார்கள். பிழை பிள்ளைகளில் இல்லை. கற்பிக்கிற எங்களில்தான்.

போன தவணை எங்கள் கணனி அறையில் ஒரு பிரச்சினை. ஒரு கணனியில் பூட்டிய பிரிண்டர் மற்றக் கணனிகளுக்கு வேலை செய்யவில்லை. திருத்த வந்த தம்பி எல்லாவற்றிலும் தீச்சுவரை ஓஃப் பண்ணினார். பிரிண்ட் வந்தது. கதவு இறுகியதற்குச் சுவரையே இடித்துவிட்டுப் போனவருக்கு நாங்கள் தேநீரும் கொடுத்து அனுப்பினோம்!

எங்கள் விண்டோஸ் கணனிகள் பிரிண்டரைப் பகிர்வது 445ஆம் இலக்கப் போர்ட் வழியாக. 2017 மே 12இல் பரவத் தொடங்கிய வானாக்ரை கணனிக்குக் கணனி தாவியதும் அதே 445 வழியாகத்தான். சுமார் 150 நாடுகள், 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட கணனிகள். இங்கிலாந்தின் அரச வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சைகள்கூடப் பின்போடப்பட்டன. அதற்கான திருத்தத்தை மைக்ரோசொஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள். எங்கள் அறையில் கடைசியாக எப்போது அப்டேட் போட்டோம் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

செய்ய வேண்டியிருந்தது இவ்வளவுதான்: பிரிண்டர் பூட்டிய கணனியில் மட்டும், எங்கள் வலையமைப்பு முகவரிகளுக்கு மட்டும், 445ஐத் திறப்பது. மற்றவை பூட்டியே இருக்கட்டும். கொமாண்ட் புரொம்ப்டில் 'நெட்ஷ் அட்வ்ஃபயர்வால்' என்று தொடங்கும் ஒரே வரி. அதில் 'ரிமோட்ஐபி' என்ற இடத்தில் 'லோக்கல்சப்நெட்' என்று போட்டால் வெளி முகவரிகளுக்கு அந்தக் கதவு திறக்காது.

"மவுஸால் செய்யலாமே, ஏன் கட்டளை?" என்பார்கள். மவுஸால் எங்கே கிளிக் செய்தோம் என்பது நாளைக்கு யாருக்கும் ஞாபகம் இருக்காது. எழுதிய வரி கொப்பியில் இருக்கும். பிழையென்றால் எந்தச் சொல் பிழை என்று காட்டலாம். இருபது கணனிக்கும் அதே வரிதான்.

"பிள்ளைகள் கெடுத்துவிடுவார்கள்" என்பது அடுத்த சாட்டு. தொடங்குமுன் 'எக்ஸ்போர்ட்' கட்டளையால் பிரதி எடுத்து வையுங்கள். கெட்டால் 'இம்போர்ட்'. முடிந்தது.

இறக்கக்கண்டிப் பிள்ளைக்கு இது விளங்காதா? எந்த மீனுக்கு எந்த வலைக்கண் என்று வாப்பாவோடு கரையில் நின்று பழகிய பிள்ளை அது. எதை விடுவது, எதை மறிப்பது என்பதுதான் தீச்சுவரும்.

நாங்கள் தொடங்கிவிட்டோம். முதல் பாடம், அணைத்த சுவரைத் திரும்ப ஓன் பண்ணுவது. ஆசிரிய நண்பர்களே, நாளைக்கு உங்கள் கணனி அறையையும் ஒருக்கால் பாருங்கள். வரைவிலக்கணம் எந்தக் கணனியையும் காப்பாற்றாது.