பினாயில் வாசனையும் ஆஸ்பத்திரிச் சுத்தமும்

நம்மவர்களுக்கு ஆஸ்பத்திரி என்றவுடன் நினைவுக்கு வருவது வைத்தியருமல்ல, மருந்துமல்ல; வாசற்படியிலேயே மூக்கைத் துளைக்கும் பினாயில் வாசனைதான். அந்த வாசனை சற்றுக் காரமாக இருந்துவிட்டால், தரை எந்த நிலையில் கிடந்தாலும், ‘பரவாயில்லை, சுத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள்’ என்ற திருப்தி நமக்கு உண்டாகிவிடுகிறது. வாசனையைச் சுத்தத்தின் பிரதிநிதியாக ஏற்றுக்கொண்டுவிட்ட இந்த மனப்பழக்கமே நம்முடைய துப்புரவு முறை சீர்ப்படாமல் இருப்பதற்குப் பெரிய காரணம் என்பது என் அபிப்பிராயம்.

சில வருஷங்களுக்கு முன், உறவினர் ஒருவருக்குத் துணையாக ஓர் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் ஐந்து இரவுகள் தங்க நேர்ந்தது. விடியற்காலை ஐந்து மணிக்கு ஓர் அம்மாள் ஒரே வாளியும் ஒரே மாப்புமாக வருவார். கழிப்பறையில் தொடங்கி, தாழ்வாரத்தைத் துடைத்து, அதே மாப்போடு வார்டுக்குள் நுழைந்து, கட்டில்களுக்கு அடியில் வரிசையாக இழுத்துக்கொண்டு போவார். பாதி வார்டைத் தாண்டுவதற்குள் வாளித் தண்ணீர் கழுநீர் நிறமாகிவிடும். மூன்றாம் நாள் பொறுக்கமாட்டாமல், “தண்ணீரை மாற்றிக்கொள்ளக் கூடாதா, அம்மா?” என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “மாடிக் கொழாயில ஆறு மணிக்கு மேலதான் தண்ணி விடுவாங்க சார். வாளிக்கு ஒருதரம் கீழ எறங்கி ஏறினா, பெரிய டாக்டர் ரவுண்ட்ஸுக்குள்ள முடியுமா? பக்கத்து வார்டும் நான்தான் பாக்கணும்” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டோ என்னவோ, வாளியில் இன்னும் கொஞ்சம் பினாயிலை ஊற்றினார். வார்டு முழுவதும் கமகமத்தது.

அன்று நடந்தது சுத்தமல்ல, விநியோகம். கழிப்பறையின் கிருமிகளைக் கட்டில் கட்டிலாகக் கொண்டுசேர்த்த காரியம் அது. ஆனால் குற்றம் அந்த அம்மாளுடையதல்ல.

சாஸ்திரம் சொல்வது எளிமையானது. அழுக்கை நீக்குவது வேறு, கிருமியைக் கொல்லுவது வேறு. முன்னது முடிந்த பிறகே பின்னதற்கு வேலை. ‘ஹைப்போ’ என்று வார்டுகளில் வழங்கும் ஹைப்போகுளோரைட் கரைசல், ரத்தமோ சளியோ படிந்த இடத்தில் ஊற்றப்பட்டால், அந்த அசுத்தத்தோடு போராடியே தன் வீரியத்தைச் செலவிட்டுவிடும். ஆதலால் சோப்பும் தண்ணீரும் முதலில், மருந்து பிறகு. அந்த மருந்துக்கும் காலாவகாசம் வேண்டும். ஐந்து சதவீதக் கரைசலில் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் சேர்த்தால் கிடைக்கும் ஒரு சதவீத ஹைப்போ, பரப்பின்மேல் பத்து நிமிஷமாவது ஈரமாக நிற்கவேண்டும் என்பது பொதுவிதி. தடவிய கையோடு உலர்ந்த துணியால் துடைத்து மினுக்குவது கண்ணுக்கு அழகு, கிருமிக்கு அபயம். அன்றன்று கலக்கியதையே உபயோகிக்கவேண்டும் என்பதும், திறந்து கிடக்கும் பிளீச்சிங் பவுடர் ஈரக்காற்றில் குளோரினை இழந்து வெறும் சுண்ணாம்பாகத் தேய்ந்துவிடும் என்பதும், அதைக் கழிப்பறை ஆசிட்டோடு கலந்தால் மூச்சை அடைக்கும் விஷவாயு கிளம்பும் என்பதும் அந்த வேலையைச் செய்பவர்களுக்கு முதல் நாளே சொல்லப்படவேண்டியவை. பாதி காலியான புட்டியைக் கழுவாமல் மேலும் மேலும் நிரப்பிவந்தால், கிருமிநாசினிப் புட்டிக்குள்ளேயே சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் குடியேறுவதுண்டு என்று சொன்னால் பலர் நம்பமாட்டார்கள். ஆயினும் அது நிஜம்.

வாசனை மோகத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1847-ல் வியன்னா பொது மருத்துவமனையில், பிரேதப் பரிசோதனை செய்த கையோடு பிரசவம் பார்க்க வந்த மாணவர்களைக் குளோரின் சுண்ணாம்பு நீரில் கை கழுவும்படி இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற வைத்தியர் கட்டளையிட்டார். அந்தச் சுண்ணாம்பை அவர் தேர்ந்தெடுத்தது, பிணவாடையை அது போக்கிவிட்டது என்ற ஒரே காரணத்தால். வாடை போனால் அதோடு விஷமும் போகும் என்ற அவர் யூகம் பலித்தது. 1846-ல் பதினொரு சதவீதத்துக்கு மேலிருந்த தாய்மார் மரணம் 1848-ல் ஒன்றேகால் சதவீதமாகக் குறைந்தது. வாடை போனதும் கிருமி செத்ததும் அங்கே ஒன்றுசேர்ந்தது அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டத்தையே நாம் விதியாக்கிக்கொண்டு, பைன் வாசனை வெள்ளைப் பினாயிலை நம்பிக் காலங்கழிக்கிறோம். 2020-ல் கொரோனாவுக்கு அஞ்சிச் சந்தை வாசல்களில் சுரங்கம்போல் கூடாரம் அமைத்து மனிதர்கள்மீதே மருந்து தெளித்தோமே, அதுவும் இந்த மோகத்தின் தொடர்ச்சிதான். அதனால் பயனில்லை, தீங்கே உண்டு என்று மத்திய சுகாதார அமைச்சகம் அந்த ஏப்ரலிலேயே எச்சரிக்க நேர்ந்தது.

தரையின்மேல் நமக்குள்ள பக்தியும் அப்படிப்பட்டதே. நோயாளியின் கையும் நர்ஸின் கையும் படுவது தரையில் அல்ல. கட்டிலின் பக்கக் கம்பி, கதவுக் கைப்பிடி, மின்விளக்குச் சுவிட்சு, குளுக்கோஸ் ஸ்டாண்டு ஆகியவற்றில். உலர்ந்த பரப்புகளில் சில கிருமிகள் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். இருந்தும் நான் தங்கிய ஐந்து நாளில் அந்தக் கம்பிகளை ஒருவரும் துடைத்துப் பார்க்கவில்லை. மேலிருந்து கீழாக, சுத்தமானதிலிருந்து அசுத்தமானதை நோக்கி, கழிப்பறையைக் கடைசியில் வைத்துக்கொண்டு செல்லும் கிரமமும், கழிப்பறைக்குச் சிவப்பு, வார்டுக்கு வேறு நிறம் என்று மாப்பைப் பிரித்துவைக்கும் வழக்கமும் நம் நாட்டில் தெரியாதவையல்ல. 2015-ல் மத்திய அரசு ஆஸ்பத்திரிச் சுத்தத்துக்காகத் தொடங்கிய ‘காயகல்ப்’ திட்டம், மாப்பை அலசவும் மருந்தில் நனைக்கவும் தனித்தனி வாளி வைக்கும் மூன்று வாளி முறையைக்கூட வற்புறுத்தி, மதிப்பெண் இட்டுப் பரிசும் அளித்துவருகிறது. பரிசோதகர்கள் வரும் நாளில் மூன்று வாளிகளும் காட்சிக்கு வந்துவிடும். மறுநாள் அவை எந்த அறையில் பூட்டப்படுகின்றன என்பதை யாரும் விசாரிப்பதில்லை.

வாளிகளை நிரப்பத் தண்ணீர் வேண்டும். பத்து நிமிஷம் காத்திருக்க ஆள் வேண்டும். இரண்டு வார்டுக்கு ஒரே ஒப்பந்தப் பணியாளர் என்று கணக்குப் போடும் நிர்வாகம், பத்து நிமிஷத்தை எங்கிருந்து எடுத்துக் கொடுக்கும்? கையுறையும் ரப்பர் பூட்ஸும் இல்லாமல், தான் கலக்கும் மருந்தின் பெயர்கூடத் தெரியாமல், நோயாளிக்கும் நோய்க்கும் நடுவில் நிற்கும் அந்த ஊழியரையும் சிகிச்சைக் குழுவில் ஒருவராக எண்ணும் நாளில்தான் இந்த விதிகளுக்கெல்லாம் அர்த்தம் பிறக்கும்.

ஆஸ்பத்திரிகளை நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒன்பது மணிக்கு மினுக்கும் தரையைப் பார்வையிடுவதை ஒரு வாரம் நிறுத்திவையுங்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு மூன்றாவது மாடிக்கு ஏறிப்போய், குழாயைத் திறந்து, தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள்.