மவுத்வாஷ் வாங்கும் முன் சாயப்பட்டறைக்காரரைக் கேளுங்கள்!

திருப்பூரில் சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் கைக்கு வந்ததும் கூட்டம் கூடுகிற கடைகளில் மெடிக்கல் ஷாப்பும் ஒன்று. தலைவலி மாத்திரை, இடுப்பு வலிக்குத் தைலம், அதோடு சில பேருக்கு ஒரு மவுத்வாஷ் பாட்டில். "வாய் நாறுதுங்கண்ணா, எதாச்சு குடுங்க" என்று கேட்டால், கடைக்காரரின் கை எந்த பாட்டிலுக்குப் போகிறதோ அதுதான் மருந்து. பச்சையா நீலமா என்பதைத் தவிர வேறு கேள்வியே அங்கே எழுவதில்லை.

இதில் என்ன தப்பு என்று கேட்கலாம். தப்பு இருக்கிறது. மவுத்வாஷ் என்பது ஒரே பொருள் அல்ல. ஒரே அலமாரியில், ஒரே மாதிரி பாட்டில்களில், நான்கைந்து வேறு வேறு சரக்குகள் இருக்கின்றன. ஒருவருக்கு நல்லது செய்வது இன்னொருவருக்கு வெட்டிச் செலவு. சில பேருக்கு அது வியாதியை மறைக்கிற திரையாகவே ஆகிவிடுகிறது. அதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம்.

பயத்தை விற்ற கதை

உலகத்தில் அதிகம் பேர் அறிந்த மவுத்வாஷான லிஸ்டரின் 1879-ல் அமெரிக்காவில் பிறந்தபோது அது வாய்க்கான மருந்தே அல்ல. அறுவை சிகிச்சையில் கிருமி கொல்லப் பயன்பட்ட திரவம். ஜோசப் லிஸ்டர் என்ற ஆங்கிலேய மருத்துவரின் பெயரை அதற்கு வைத்தார்கள். 1920-களில்தான் அதன் கம்பெனி, வாய் நாற்றம் இருந்தால் கல்யாணமே நடக்காது என்ற ரீதியில் விளம்பரம் செய்து விற்பனையைப் பல மடங்கு பெருக்கியது. சளியையும் தொண்டை வலியையும் தடுக்கும் என்றுகூட பல காலம் சொல்லி வந்தது. 1975-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம், அது உண்மையல்ல என்று விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டது. ஆக, பாட்டிலுக்கு வெளியே ஒட்டியிருப்பதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைத்தான் படிக்க வேண்டும்.

பாட்டிலுக்குள் என்ன?

ஒன்று, வெறும் வாசனை. புதினா மணமும் இனிப்பும் மட்டும் உள்ளவை. கொஞ்ச நேரம் மணக்கும், அவ்வளவுதான்.

இரண்டு, செட்டில்பிரிடினியம் குளோரைடு, அல்லது தைமால், யூகலிப்டால் போன்ற எண்ணெய்ச் சத்துகள் உள்ளவை. இவை பல்லில் படியும் பிளேக் என்ற அழுக்குப் படலத்தை ஓரளவு குறைக்கும். எண்ணெய்ச் சத்து வகைகள் சிலவற்றில் ஆல்கஹால் அதிகம். லிஸ்டரினின் பழைய ஃபார்முலாவில் 26.9 சதவீதம். வாய் அடிக்கடி உலர்ந்து போகிறவர்களும் வாய்ப்புண் உள்ளவர்களும் ஆல்கஹால் இல்லாததை வாங்குவதே நல்லது.

மூன்று, சோடியம் ஃப்ளோரைடு உள்ளவை. சொத்தைப் பல் அடிக்கடி வருகிறவர்களுக்கு, பல்லில் கம்பி மாட்டியிருப்பவர்களுக்கு உதவும். இதைப் பல் தேய்த்த உடனே கொப்பளிக்கக் கூடாது. பேஸ்ட்டில் இருக்கிற ஃப்ளோரைடு இதைவிட அதிகம். அதைக் கழுவிவிட்டுக் குறைவானதை வைத்த மாதிரி ஆகிவிடும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் பயன்படுத்தலாம். 6 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது, விழுங்கி விடுவார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து வேலைக்கு வந்தவர்கள் சிலரின் பல்லில் பழுப்புக் கறை இருக்கும். அது சின்ன வயதில் குடித்த தண்ணீரில் ஃப்ளோரைடு மிகுந்ததால் பல்லுக்குள்ளேயே வந்தது. எந்த மவுத்வாஷாலும் அது போகாது. அதற்காகக் காசு செலவழிக்க வேண்டாம்.

நான்கு, குளோர்ஹெக்சிடின். இதுதான் நிஜமான மருந்து. 1970-ல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ, ஷியாட் என்ற இருவர், பல் தேய்க்காமல் இருந்தவர்களுக்குக்கூட 0.2 சதவீத குளோர்ஹெக்சிடின் தினம் இரண்டு வேளை கொப்பளித்தால் பிளேக் படிவதில்லை என்று காட்டினார்கள். ஈறு வீங்கி ரத்தம் வந்தால், பல் பிடுங்கிய பிறகு, டாக்டர்கள் எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் இதைத்தான்.

சாயப்பட்டறைப் பாடம்

இந்த நான்காவது பாட்டிலைப் பற்றி மற்ற ஊர்க்காரர்களுக்கு விளக்குவது கஷ்டம். திருப்பூர்க்காரருக்கு ரொம்ப சுலபம்.

சாயம் போட்ட துணியை சோப் கொடுத்து அலசுகிறார்கள். அந்த சோப் போகும் வரை தண்ணீர் மாற்றி மாற்றி அலசிய பிறகுதான் கேட்டயானிக் சாஃப்ட்னரோ ஃபிக்சரோ போடுகிறார்கள். ஏன்? சோப் அனயானிக், அதாவது எதிர்மின் சுமை கொண்டது. சாஃப்ட்னர் நேர்மின் சுமை கொண்டது. இரண்டும் ஒரே தண்ணீரில் சந்தித்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு திரிந்து போகும். துணியில் திட்டுத் திட்டாகக் கறை விழும், சாஃப்ட்னரும் வேலை செய்யாது. இது டையிங் மாஸ்டர் முதல் ஹெல்பர் வரை தெரிந்த சங்கதி.

குளோர்ஹெக்சிடினும் அதே மாதிரி நேர்மின் சுமை உள்ளது. பல் பேஸ்ட்டில் நுரை வருவதற்காகச் சேர்க்கிற சோடியம் லாரில் சல்ஃபேட் அனயானிக். பல் தேய்த்த கையோடு இந்த மவுத்வாஷை ஊற்றிக்கொண்டால், சோப் அலசாத துணிக்கு சாஃப்ட்னர் போட்ட கதைதான். மருந்து வாயிலேயே வீணாகிவிடும். அதனால்தான் வாயை நன்றாகக் கொப்பளித்து, குறைந்தது அரை மணி நேரம் கழித்து இதைப் பயன்படுத்தச் சொல்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஃபிக்சர் துணியைப் பிடித்துக்கொள்வது போல இதுவும் பல்லையும் ஈறையும் பிடித்துக்கொண்டு பல மணி நேரம் வேலை செய்கிறது. அது இதன் பலம். ஆனால் டீயின் கறையையும் அதே பிடி சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். ஒன்றரை ஷிப்ட் ஓடுகிற பனியன் கம்பெனியில் ஒருவர் எத்தனை டீ குடிப்பார் என்று எண்ணிப் பாருங்கள்! மாதக்கணக்கில் இதை ஊற்றினால் பல் பழுப்பாகும், நாக்கு ருசி மாறும். பொதுவாக இரண்டு வாரம்தான் கணக்கு. அதற்கு மேல் டாக்டர் சொன்னால் மட்டுமே.

ஓட்டைத் துணிக்கு சென்ட் அடிக்கலாமா?

இனிதான் முக்கியமான விஷயம். வாய் ஏன் நாறுகிறது? பல் இடுக்கில் தங்கிய சாப்பாடு, நாக்கில் படிந்த மாவு, ஈறு வீக்கம், சொத்தை, வாய் உலர்தல்... பெரும்பாலும் காரணம் வாய்க்குள்ளேதான் இருக்கிறது. தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், பீஸ் ரேட் குறையும் என்று பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் தைக்கிறவர்களின் வாய் நாறாமல் என்ன செய்யும்? அவர்களுக்குத் தேவை மவுத்வாஷ் அல்ல, தண்ணீர் பாட்டில்.

அடுத்தது ஹான்ஸ், குட்கா, பாக்கு. 2013-ல் தமிழ்நாட்டில் குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் தடை போட்ட பிறகும் அந்தப் பழக்கம் நின்றுவிடவில்லை. தூக்கம் வராமல் இருக்க நைட் ஷிப்டில் உதட்டுக்குள் அடக்கி வைக்கிறார்கள். வெளியூர்க்காரர் பழக்கம் என்று ஒதுக்கிப் பேசுவதும் சரியல்ல, உள்ளூர்க்காரரும் வைக்கிறார்கள். வீட்டுக்குப் போகும்போது நாற்றம் தெரியக் கூடாது என்று ஒரு மூடி மவுத்வாஷ். நாற்றம் போய்விடும். கன்னத்துக்குள் இருக்கிற வெள்ளைத் திட்டு போகாது. புகையிலை இல்லாத வெறும் பாக்கே புற்றுநோய் தரும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-லேயே வகைப்படுத்திவிட்டது.

செக்கிங் டேபிளில் ஓட்டை விழுந்த பனியன் வந்தால் யாராவது அதற்கு சென்ட் அடித்து பாஸ் பண்ணுவார்களா? வாய்க்கு மட்டும் ஏன் அதைச் செய்ய வேண்டும்?

இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, மூன்று விரலை நெட்டுக்கு வைக்க முடியாதபடி வாய் திறப்பது குறைதல், காரம் பட்டால் தாங்க முடியாத எரிச்சல், ஆடுகிற பல். இவற்றில் ஒன்று இருந்தாலும் போக வேண்டிய இடம் மெடிக்கல் ஷாப் அல்ல, பல் டாக்டர். இ.எஸ்.ஐ.க்காக மாதா மாதம் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்களே, அது உங்கள் பணம். அந்தக் கார்டை எடுத்துப் போய்க் காட்டுவதில் கூச்சம் எதற்கு? கார்டு இல்லாதவருக்கு அரசு மருத்துவமனை இருக்கிறது.

கம்பெனி நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பையர் ஆடிட்டுக்கு வருகிறார் என்றால் முதலுதவிப் பெட்டியைப் புதுசாக நிரப்பத் தெரிகிறது. வருஷத்துக்கு ஒரு நாள் ஒரு பல் டாக்டரை வரவழைத்து எல்லோர் வாயையும் டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னால் எந்த ஷிப்மெண்டும் லேட் ஆகிவிடாது. ஒரு உயிர் தப்பலாம்.

அப்படியானால் எதை வாங்கலாம்?

வாயில் பெரிய கோளாறு இல்லாதவருக்கு இரண்டு வேளை ஃப்ளோரைடு பேஸ்ட், நாக்கு வழிப்பது, சாப்பிட்டதும் தண்ணீரில் கொப்பளிப்பது போதும். மவுத்வாஷ் கட்டாயமே இல்லை. சொத்தை வருகிறவருக்கு ஃப்ளோரைடு வகை. ஈறில் ரத்தம் வருகிறவர் டாக்டரைப் பார்த்துவிட்டு இரண்டு வாரத்துக்கு குளோர்ஹெக்சிடின். சாதாரண வாய்ப்புண்ணுக்கு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு. போர்த் தண்ணீரே உப்பாக இருக்கிறதே என்று அதை எடுத்துவிடாதீர்கள். நொய்யல் கரை ஊர்களில் அந்த உப்பு எங்கிருந்து வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். குடிதண்ணீரைக் காய்ச்சி அதில் போடுங்கள்.

அடுத்த சனிக்கிழமை கடையில் நிற்கும்போது "எந்த மவுத்வாஷ் நல்லது" என்று கேட்பதற்கு முன், "எதற்காக வாங்குகிறேன்" என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். நாற்றத்தை மறைக்க என்பதுதான் பதில் என்றால், பாட்டிலை வைத்துவிட்டுக் கண்ணாடி முன்னால் வாயைத் திறந்து பாருங்கள்.