வரிசை எண் இல்லாத காத்திருப்பு

காரிமங்கலம் சுற்றுவட்டாரக் காலனிகளில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, சாய்ந்து சாய்ந்து நடப்பவர்களை நாம் எல்லோரும் பார்த்திருப்போம். அவர்களில் சிலரிடம் ஒரு எக்ஸ்ரே படம் இருக்கும். ‘இடுப்பு மூட்டை மாற்ற வேண்டும்’ என்று எழுதிய ஓ.பி. சீட்டும் இருக்கும். எப்போது ஆபரேஷன் என்று கேட்டால், ‘கூப்பிடுவாங்க’ என்பார்கள். அந்த ஒரு சொல்லுக்காக வேலையும் நடையும் தூக்கமும் போன நிலையில் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

நம் மக்களின் இடுப்பு சீக்கிரம் தேய்வதற்குக் காரணங்கள் உண்டு. செங்கல் சூளையிலும் கல் குவாரியிலும் தலைச்சுமை தூக்கியவர்கள் நாம். பெங்களூரு கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தவர்களும் நம்மில் உண்டு. குடிப்பழக்கத்தாலோ ஸ்டீராய்டு மருந்தாலோ தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் போகாமல் எலும்பு செத்துப்போவதும் உண்டு. அது இளவயதினரையும் முடக்கும். தருமபுரி மாவட்ட நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அது தொடங்கியது 2013இல். அதற்கு முன் காலமெல்லாம் போர்வெல் தண்ணீர் குடித்த உடம்புகளில் எலும்பும் மூட்டும் இறுகியிருந்தால், அது அவர்கள் செய்த குற்றமா?

பணம் இல்லை என்பது இன்று முதல் தடை அல்ல. 2009இல் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடப்பதில் இடுப்பு மூட்டு மாற்று சிகிச்சையும் அடங்கும். ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. நமக்கு இப்போது தடையாக நிற்பது காலம்தான்.

தாமதம் ஏன்? நம் மாவட்டத்தின் நடுவே தேசிய நெடுஞ்சாலை ஓடுகிறது. தொப்பூர் கணவாயில் விபத்து நடந்தால் எலும்பு மருத்துவரும் ஆபரேஷன் தியேட்டரும் முதலில் அந்த உயிர்களுக்குத்தான். அது சரியும்கூட. பிறகு காப்பீட்டு ஒப்புதல் வர வேண்டும், மயக்க மருந்துக்கு உடல் தகுதி பார்க்க வேண்டும், ரத்தம் ஏற்பாடு செய்ய வேண்டும். இதையெல்லாம் நாம் மறுக்கவில்லை. ஆனால் வரிசையில் எத்தனையாவது ஆள் என்று யாருக்கும் தெரியாதபோது, சிபாரிசு உள்ளவர் முன்னால் போவது எளிது. காலனிக்காரருக்காகப் போன் செய்ய யார் இருக்கிறார்கள்? ஒவ்வொரு முறை தேதி தள்ளிப்போகும்போதும் நோயாளியோடு துணைக்குப் போனவரின் கூலியும் போகிறது.

வெளிப்படையான வரிசை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. இறந்தவரின் உறுப்பு தானத் திட்டத்தை 2008இல் தொடங்கிய இந்த மாநிலம், சிறுநீரகத்துக்குக் காத்திருப்போரைப் பதிவேட்டில் வரிசைப்படுத்தி நடத்துகிறது. இங்கிலாந்தில் பரிந்துரையிலிருந்து 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்று இலக்கு இருக்கிறது. அங்கும் பலருக்கு அந்த இலக்கு தவறுகிறது. ஆனால் எத்தனை பேருக்குத் தவறியது என்று அரசே எண்ணிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாம் கேட்பதும் அதுதான்: பதிவு செய்த நாள், வரிசை எண், உத்தேச மாதம். இந்த மூன்றும் சீட்டில் எழுதப்பட வேண்டும்.

அதுவரை காத்திருப்பவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். இடது இடுப்பு வலித்தால் கைத்தடியை வலது கையில் பிடிக்க வேண்டும்; வலது இடுப்பு என்றால் இடது கையில். தரையில் உட்காருவதையும் குத்த வைப்பதையும் விட்டு, உயரமான நாற்காலியைப் பயன்படுத்துங்கள். கழிப்பறைக்கு நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி போதும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும். ரத்தசோகை, சர்க்கரை, சொத்தைப் பல், ஆறாத புண் ஆகியவை ஆபரேஷனைத் தள்ளிப்போடும், முன்பே சரிசெய்யுங்கள். 2021 ஆகஸ்டில் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

ஒன்றை மட்டும் காத்திருக்க விடக்கூடாது. வழுக்கி விழுந்த முதியவர் காலை ஊன்ற முடியாமல் கிடந்தால் அது எலும்பு முறிவாக இருக்கலாம். கட்டுப் போடும் வைத்தியரிடம் நாள் கடத்தாமல் உடனே 108ஐ அழையுங்கள்.

காரிமங்கலம் அரசு மகளிர் கல்லூரியிலும் மற்ற கல்லூரிகளிலும் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இதில் வேலை இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் மனுப் போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். எத்தனை பேர் பதிவு செய்திருக்கிறார்கள், மாதம் எத்தனை ஆபரேஷன் நடக்கிறது, எந்த முறையில் அழைக்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அந்தப் பதிலைக் கிராம சபையில் வாசியுங்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம் 2024இல் நிறைவேறியிருக்கிறது. மக்கள்தொகைக்கு ஏற்ற நிதி என்று சொல்லும் அந்தச் சட்டத்தின் வழியே, காத்திருக்கும் கூலித் தொழிலாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் கூலி இழப்பீடு கேட்போம்.

நமக்கு யாரையும் முந்திப் போக வேண்டியதில்லை. நம் எண் எது என்று சொல்லுங்கள். அந்த எண் வரும்போது எங்களைக் கூப்பிடுங்கள்.