மாதம் தவறாத அரசாணை

கர்நாடகத்தின் மாதவிடாய் விடுப்புக்கு இன்னும் கைதட்டி முடியவில்லை. மாதத்துக்கு ஒரு நாள், ஆண்டுக்கு 12 நாள். இந்த மாதம் எடுக்காததை அடுத்த மாதத்தில் சேர்க்க முடியாது. 18 வயது தாண்டிய ஊழியர்களுக்கு நல்லதுதான். தமிழ்நாட்டிலும் அதையே கேட்பவர்கள், மாதவிடாய் எப்போது வரும் என்றே தெரியாத ஒன்பதாம் வகுப்புப் பெண்ணை ஒரு நிமிடம் நினைக்கட்டும்.

பூப்பெய்திய முதல் ஆண்டில் தேதி தாறுமாறாக இருப்பது இயல்பு. மாதாமாதம் கருமுட்டை வெளியாக உடல் இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான். அடுத்த இரண்டாண்டுகளிலும் 45 நாள் இடைவெளி வரை பரவாயில்லை என்கிறது, பிசிஓஎஸ் என்ற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினைக்காக 2023இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதல். நம் அரசுகளுக்கோ எல்லாப் பெண்ணுக்கும் 28 நாள்.

தமிழக அரசின் இலவச நாப்கின் திட்டமான 'புது யுகம்' கணக்கைப் பாருங்கள். ஆண்டுக்கு 18 பொட்டலம், பொட்டலத்துக்கு ஆறு. மொத்தம் 108 நாப்கின், மாதத்துக்கு ஒன்பது. இந்த ஒன்பதை நான் விடுவதாக இல்லை. ஆறு மணி நேரத்துக்கொரு முறை மாற்றினால் இரண்டே கால் நாளில் தீரும். மூன்று மாதம் வராமலிருந்து, வந்தபின் பத்து நாள் நிற்காதவளுக்கும் அதே ஒன்பதுதான். மீந்ததைச் சேர்த்து வைக்கலாமே என்பவர்கள் அக்கா தங்கை உள்ள வீட்டைப் பார்க்காதவர்கள்.

வீட்டில் என்ன கிடைக்கிறது? "இந்த மாசம் குளிச்சியா?" என்ற விசாரணை. பப்பாளி, எள்ளுருண்டை. திருவிழா வந்தால் தள்ளிப்போட மாத்திரை. "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்று அத்தையின் தீர்ப்பு. பிறகு ஸ்கேன். பூப்பெய்தி எட்டு ஆண்டுகள் ஆகும்வரை ஸ்கேனை வைத்து பிசிஓஎஸ் என்று முடிவுகட்டாதீர்கள் என்கிறது அதே வழிகாட்டுதல். 12 வயதில் பூப்பெய்தினால் 20 வரை! இங்கே பதினைந்து வயதுப் பிள்ளை 'பிசிஓடி' என்ற முத்திரையோடு வெளியே வருகிறாள். இதை அக்கறை என்று சொல்பவர்களிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

உருப்படியான துணை தோழிதான். "பின்னாடி பாருடி" என்றதும் பார்த்து, துப்பட்டாவை இறக்கிவிட்டு, கழிப்பறை வரை முதுகோடு ஒட்டி நடந்து வருகிறாள். பையின் உள்ளறையில் செய்தித்தாளில் சுருட்டிய ஒரு நாப்கின், யாருக்கு வேண்டுமானாலும். ஆனால் எது இயல்பு, எது ஆபத்து என்று அவளுக்கும் தெரியாது. முதல் ஆண்டுக்குப் பின் இடைவெளி 90 நாளைத் தாண்டினாலோ, மணிக்கொரு நாப்கின் நனைந்தாலோ, 15 வயதாகியும் வராவிட்டாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். இதைச் சொல்ல எத்தனை நிமிடம் ஆகும்?

வளரிளம் பருவத்தினருக்கான கிளினிக்குகள் ஏற்கெனவே இருக்கின்றனவே என்பார்கள் அதிகாரிகள். பதினான்கு வயதுப் பெண் அங்கே யாரிடம் சொல்லிவிட்டு, எந்தப் பேருந்தில் போவாள்? பள்ளியிலேயே உட்காரும் ஒரு நர்ஸம்மா வேண்டும். அடுத்த நிதிநிலை அறிக்கையில் மாதவிடாய் விடுப்புக்கு ஒரு வரி இருந்தால், அதை அடித்துவிட்டு இந்தப் பணியிடங்களை எழுதட்டும். வீணாகும் ஸ்கேன் செலவும் குறையும்.