விதைநெல்லைக் குத்தித் தின்னலாமா?

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஒரு கீதம் உண்டு. பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியிலிருந்து எடுத்தது. ஆனால் அதே பீத்தோவனை வாசிக்கப் பழகும் பிள்ளைகளுக்குச் செலவழிக்க மட்டும் ஒன்றியத்துக்குக் கை வரவில்லை.

ஐரோப்பிய ஒன்றிய இளைஞர் ஆர்க்கெஸ்ட்ரா 1976-ல் தொடங்கியது. முதல் இசை இயக்குநர் க்ளாடியோ அப்பாடோ. ஒன்றிய நாடுகளிலிருந்து திறமைசாலிகளைத் தேர்வு வைத்துப் பொறுக்கியெடுக்கும் குழு. 2016 மே மாதம் இந்தக் குழு, செப்டம்பரோடு கடையை மூடப்போவதாக அறிவித்தது. ஏன்? வருடத்துக்குச் சுமார் 6 லட்சம் யூரோ உதவி நின்றுபோனது. 2014-ல் வந்த 'கிரியேட்டிவ் யூரோப்' திட்டத்தின் விதி அப்படி. அன்றாடச் செலவுக்குப் பணம் கிடையாது, புராஜெக்ட் போட்டுக் காட்டினால்தான் பணம். அந்தத் திட்டத்தின் ஏழு வருட பட்ஜெட் 146 கோடி யூரோ. குழுவுக்குத் தேவைப்பட்டது ஆயிரத்தில் மூன்று பங்குகூட இல்லை. யானை வாயிலிருந்து சிந்தும் பருக்கை!

விதி எல்லோருக்கும் ஒன்றுதானே, இவர்களுக்கு மட்டும் என்ன சலுகை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் புராஜெக்ட் என்றால் ஒரு தொடக்கம், ஒரு முடிவு, கடைசியில் ஒரு அறிக்கை. இருபது வயதில் பழகிய இசையின் பலன் எந்த அறிக்கையில் வரும்?

நடந்ததைப் பாருங்கள். இந்தக் குழுவில் வாசித்து வளர்ந்த இளைஞர்கள் 1981-ல் 'சேம்பர் ஆர்க்கெஸ்ட்ரா ஆஃப் யூரோப்' என்ற குழுவைத் தொடங்கினார்கள். சேம்பர் ஆர்க்கெஸ்ட்ரா என்றால் சிறிய ஆர்க்கெஸ்ட்ரா. கூட்டத்தில் ஒளிந்துகொள்ள முடியாது, ஒருவர் வில் பிசகினாலும் அரங்குக்கே கேட்கும். பக்கத்தில் இருப்பவரின் மூச்சைக் கேட்டு வாசிக்க வேண்டும். அந்தப் பழக்கம் ஒரு பட்ஜெட் வருடத்தில் வராது. 1990, 91-ல் நிக்கோலாஸ் ஹார்னன்கூர் தலைமையில் பீத்தோவனின் ஒன்பது சிம்பொனிகளையும் இவர்கள் செய்த பதிவு இன்றும் பேசப்படுகிறது.

இது ஏதோ ஒருமுறை அடித்த அதிர்ஷ்டமும் அல்ல. அப்பாடோ 1986-ல் வியன்னாவில் குஸ்தாவ் மாலர் இளைஞர் ஆர்க்கெஸ்ட்ராவை ஆரம்பித்தார். அங்கே வாசித்தவர்கள் 1997-ல் மாலர் சேம்பர் ஆர்க்கெஸ்ட்ராவை உருவாக்கினார்கள். இரண்டு நாற்றங்கால், இரண்டு விளைச்சல். 1976-லேயே புராஜெக்ட் அறிக்கை கேட்டிருந்தால், 1981-ல் வரப்போவதை எந்தக் கட்டத்தில் நிரப்பியிருப்பார்கள்?

"அதுதான் காப்பாற்றிவிட்டார்களே" என்பார்கள். உண்மை. இசையுலகம் கூச்சல் போட்டது, ஒன்றிய ஆணையத் தலைவராக இருந்த ழான் குளோத் யுங்கர் தலையிட்டார், குழு பிழைத்தது. ஆனால் அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பது ஒரு கொள்கையா? இந்தப் பிள்ளை பெரிய வீட்டுப் பிள்ளை, அழுதால் ஊருக்கே கேட்டது. ஏதோ ஒரு சின்ன ஊரில், பள்ளிக்கூட அறையில் பதினைந்து பேர் வாரம் ஒருமுறை கூடி வாசிக்கும் குழுவுக்கு உதவி நின்றால் யார் கூச்சல் போடுவார்கள்? நாற்காலிகளை மடித்து வைத்துவிட்டுப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். செய்திகூட வராது.

கச்சேரிக்கு டிக்கெட் விற்கலாம், விளம்பரதாரர் பிடிக்கலாம். அது விளைச்சல். பயிற்சிக் குழுக்கள் விதைநெல். பஞ்சத்திலும் விதைநெல்லில் கைவைக்காதவன்தான் விவசாயி. பஞ்சமே இல்லாதபோது கைவைத்தவர்களை என்னவென்று சொல்வது?